ஊமை எண்களும் ஊமையாக்கப்பட்ட பிள்ளைகளும்

"கணிதம் எல்லோருக்கும் வருவதில்லை" என்றொரு வாசகம் நம்மிடையே வேதவாக்காக வழங்கி வருகிறது. பெற்றோர் அதைச் சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர். ஆசிரியர் சிலர் அதைச் சொல்லித் தம் பொறுப்பைக் கைகழுவி விடுகின்றனர். தனியார் வகுப்பு வியாபாரிகள் அதையே மூலதனமாக வைத்துக் கடை விரிக்கின்றனர். பிள்ளையோ அதனைத் தன் தலையெழுத்தென்று ஏற்றுக்கொண்டு, பதினாறு வயதில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கூலிக்குப் போகின்றது.

இந்த வாசகம் பொய் என்று நாம் சொல்கின்றோம். வெறும் பொய்யுமன்று, சிலருடைய வசதிக்காகப் பேணி வளர்க்கப்படும் பொய் என்றும் சொல்கின்றோம். வர்க்கமூலம் என்னும் கணிதச் சொல்லை இருபொருள்பட வாசித்தால் இப்பொய்யின் வேர் எங்கிருக்கின்றது என்பது விளங்கிவிடும்.

இதனை நிறுவக் கணிதத்தின் கொடுமுடிகளுக்கு ஏற வேண்டியதில்லை. க.பொ.த. சாதாரண தர வகுப்பில் வரும் சிறு பாடமொன்றையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் சேடு என்றும் தமிழ்நாட்டில் விகிதமுறா மூலம் என்றும் வழங்கும் எண்களைக் கொண்ட கோவைகளைச் சுருக்கும் பாடம் அது. √50 என்பதை 5√2 என்று எழுதுவது, √50, √18 ஆகிய இரண்டையும் கூட்டி ஒரே உறுப்பாக்குவது, பின்னத்தின் பகுதியில் √3 நின்றால் அதனை அகற்றுவது: பாடம் இவ்வளவே. இதற்கு மேதைமை வேண்டுவதில்லை. பெருக்கல் வாய்பாடும், அருகில் இருந்து விளக்க ஒருவரும் போதும். அந்த ஒருவர் யார் என்பதே நம் கேள்வி.

கேள்வியை எங்கிருந்து கேட்கின்றோம் என்பதையும் சொல்லிவிடுவோம். மன்னார்த் தீவின் கடலோரச் சிற்றூரான ஓலைத்தொடுவாயிலிருந்து கேட்கின்றோம். புகழ்பெற்ற கணித 'மாஸ்டர்'களின் வகுப்புகள் பெருநகரங்களில் நடக்கின்றனவேயன்றி இத்தகைய ஊர்களின் மணலில் நடப்பதில்லை. பணம் கொடுத்து விளக்கம் வாங்கும் வசதி கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. 2020இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியும் சமிக்ஞையும் உள்ள பிள்ளைக்கு மட்டுமே பாடம் கிடைத்தது. 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையில் கிடந்தன; கொப்பியின் விலை ஏறிற்று. எத்தகைய நெருக்கடி வந்தாலும் முதலில் அறுந்து போவது இத்தகைய ஊர்ப் பிள்ளையின் படிப்புத்தான்.

*

அப்பிள்ளை எங்கே இடறுகின்றது என்று பார்ப்போம்.

√50 + √18 = ? என்று கரும்பலகையில் எழுதப்படுகின்றது. பிள்ளை தன் கொப்பியில் √68 என்று எழுதுகின்றது. ஐம்பதையும் பதினெட்டையும் கூட்டினால் அறுபத்தெட்டுத்தானே? அதன் நியாயம் அதற்கு. சிவப்பு மையினால் குறுக்குக் கோடொன்று விழுகின்றது. "பிழை" என்பது மட்டும் தெரிகின்றது. ஏன் பிழை என்பது தெரியவில்லை. ஆசிரியரிடம் கேட்கலாம். ஆனால் நாற்பது முகங்கள் திரும்பிப் பார்க்கும். ஆசிரியருக்கோ பாடத்திட்டத்தைத் தவணைக்குள் முடிக்க வேண்டிய அவசரம். ஆகவே பிள்ளை வாய் திறப்பதில்லை. அடுத்த வாங்கில் இருக்கும் தோழிக்கு விடை தெரியும். அவளிடம் கேட்கலாமே என்றால், "அங்கே என்ன பேச்சு?" என்ற அதட்டல் வந்து விழுகின்றது.

இங்கே ஒரு வரலாற்றை நினைவுகூர்தல் தகும். சேட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'சர்ட்' என்னும் பெயர், செவிடு, ஓசையற்றது என்னும் பொருள்தரும் 'சுர்டுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அந்த இலத்தீன் சொல்லும், செவிடு என்னும் பொருளுடைய 'அசம்' என்ற அரபுச் சொல்லின் மொழிபெயர்ப்பே. இரு முழுவெண்களின் விகிதமாக வாய்விட்டுச் சொல்ல முடியாத எண்ணாதலால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. பழைய கணிதர்கள் எண்ணை ஊமை என்றார்கள். நம் வகுப்பறையோ பிள்ளையை ஊமையாக்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். √68 என்று எழுதிய பிள்ளை அறிவிலி அன்று. இந்திய மரபில் இவ்வெண்களுக்குக் 'கரணி' என்று பெயர். பிரமகுப்தர் 628இலும், இரண்டாம் பாஸ்கரர் 1150ஆம் ஆண்டளவில் இயற்றிய பீஜகணிதத்திலும் கரணிகளைக் கூட்டுவதற்கென்றே விதிகள் வகுத்தனர். அவ்விதியின் சாரம் இது: இரு கரணிகளின் கூட்டுத்தொகையை வர்க்கித்தால் இரண்டெண்களின் கூட்டுத்தொகை மட்டும் வராது, அவற்றின் பெருக்கத்தினுடைய வர்க்கமூலத்தின் இருமடங்கும் கூட வரும். 50ஐயும் 18ஐயும் பெருக்கினால் 900, அதன் வர்க்கமூலம் 30, இருமடங்கு 60. ஆகவே 68 உடன் 60 சேர்ந்து 128 ஆகின்றது. சரியான விடை √128, அதாவது 8√2. நம் பிள்ளை விட்டது அந்த அறுபதை. பேரறிஞர்கள் விதி எழுதி வைக்க வேண்டியிருந்த இடத்தில் பதினாறு வயதுப் பிள்ளை இடறினால் அது வெட்கத்திற்குரியதா? வெட்கம் இடறியதில் இல்லை. இடறியவரை எழுப்பிவிட ஆளில்லாமையில் இருக்கின்றது.

*

எழுப்பிவிடக்கூடியவர் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கின்றார் என்பதே நமது வாதம்.

அந்தத் தோழியும் இந்தப் பிள்ளையும் மாலையில் வாடியடியில் அமர்ந்திருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் வலை கிடக்கின்றது. சதுரமாக விரிந்து நிற்கும் வலைக்கண் ஒன்றைக் காட்டி அவள் தொடங்குகின்றாள். ஒவ்வொரு பக்கமும் ஒரு செ.மீ. உள்ள கண்ணின் மூலைவிட்டம், பைதகரசின் தேற்றப்படி, √2 செ.மீ. பக்கம் 5 செ.மீ. உள்ள கண்ணுக்கு 25உம் 25உம் சேர்ந்து மூலைவிட்டம் √50. "இஞ்ச பாரடி, கண் அஞ்சு மடங்கு பெரிசெண்டால் மூலைவிட்டமும் அஞ்சு மடங்குதானே பெரிசு?" என்கிறாள் தோழி. அவ்வளவுதான்! √50 ஏன் 5√2 ஆகின்றது என்பது கண்முன் நிற்கின்றது. பக்கம் 3 செ.மீ. உள்ள கண்ணின் மூலைவிட்டம் √18, அதுவே 3√2. இவ்விரு மூலைவிட்டங்களையும் முனையோடு முனை வைத்தால் 8√2, ஏறக்குறைய 11.3 செ.மீ. பிள்ளை எழுதிய √68ஓ 8.2 செ.மீ.தான். நூலால் அளந்தாலே பிழை தெரிந்துவிடும். எந்த அதட்டலும் இன்றி, எந்தச் சிவப்பு மையும் இன்றி, பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுகொள்கின்றது.

தோழியால் முடிந்தது ஆசிரியரால் ஏன் முடியவில்லை? ஆசிரியர் திறமையற்றவர் என்பதனாலன்று. அவர் இப்பாடத்தைக் கற்று இருபதாண்டு ஆகிவிட்டது. தாம் எங்கே இடறினோம் என்பது அவருக்கு மறந்து போயிற்று. தோழியோ சென்ற வாரந்தான் அதே கல்லில் இடறி எழுந்தவள். கல் எங்கே கிடக்கின்றதென்று அவளுக்குத் தெரியும். அவள் பேசுவது வீட்டு மொழி. அவள் காட்டுவது கையில் பழகிய வலை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவளிடம் தெரியாது என்று சொல்லப் பிள்ளைக்கு அச்சமில்லை. சோவியத் உளவியலறிஞர் வைகோட்ஸ்கி (1896–1934) இந்த அனுபவத்திற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். பிள்ளை தனியே செய்ய முடிவதற்கும், பெரியவரின் வழிகாட்டலுடனோ தன்னைவிடத் தேர்ந்த தோழரின் துணையுடனோ செய்ய முடிவதற்கும் இடையில் ஒரு வெளி உண்டு; கற்பித்தல் நிகழ வேண்டிய இடம் அதுவே என்றார் அவர்.

விளக்குபவளுக்கும் இதில் நட்டமில்லை. "ஐம்பதை ஏன் 25 × 2 என்று பிரிக்கிறாய்? 10 × 5 என்று பிரித்தால் என்ன?" என்று பிள்ளை கேட்டுவிடுகின்றது. தோழி திகைக்கின்றாள். √10 × √5 என்பதும் பிழையன்று. ஆனால் அங்கிருந்து நகர வழியில்லை. நிறைவர்க்கமான காரணி ஒன்று கிடைத்தாலன்றோ மூலக்குறியை விட்டு வெளியே ஒரு முழுவெண் வரும்? இதனை அவள் இதுவரை செய்துகொண்டிருந்தாள்; இப்போதுதான் அறிந்துகொள்கின்றாள். புள்ளி வாங்கப் போதுமான அறிவு வேறு. பிறர்க்கு விளக்கப் போதுமான அறிவு வேறு. பின்னது வந்தவர்க்கு முன்னது தானே வரும்.

*

இந்த இடத்தில் எதிர்வாதிகள் வரிசையாக எழுகின்றனர்.

முதலாமவர் ஒழுங்கின் காவலர். "பிள்ளைகளைப் பேசவிட்டால் பார்த்தெழுதப் பழகிவிடுவார்கள்" என்பது அவர் கவலை. பார்த்தெழுதுதல் விடையைத் திருடுவது. கேட்டறிதல் வழியைப் பெறுவது. இரண்டையும் பிரித்தறியாதவர் கல்வியைக் காவல் நிலையமாகக் கருதுகின்றார். உண்மையில் பார்த்தெழுதும் பழக்கத்தை வளர்ப்பது பேச்சன்று, பேச்சுக்கு இடமில்லாமையே. கேட்டு அறிய வழியில்லாதவன்தான் திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கின்றான்.

இரண்டாமவர் போட்டியின் பூசாரி. "அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தால் அவன் உன்னை முந்திவிடுவான்" என்று அவர் பெற்றோர் காதில் ஓதுகின்றார். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்தே, பத்து வயதிலேயே, பக்கத்து வாங்கில் இருப்பவனைப் பகைவனாகப் பார்க்கப் பிள்ளை பழக்கப்படுகின்றது. கொப்பியைக் கையால் மறைத்து எழுதும் பிள்ளையை நாம் கண்டதில்லையா? அந்தக் கையை அங்கே வைத்தது அப்பிள்ளையன்று. அறிவைத் தனிச்சொத்தாக்கிய சமுதாயம். கரைவலை இழுப்பவரைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவன் இழுத்தால் என் பங்கு குறையும் என்று எவராவது கயிற்றை விட்டதுண்டா? கைகள் ஒன்றுசேர்ந்தாலன்றி மடி கரையேறாது. கரைக்கு வந்த மீனில் சம்மாட்டி எவ்வளவு எடுக்கின்றார் என்பது வேறு வழக்கு. அதனையும் ஒருநாள் பேசுவோம்.

மூன்றாமவர் வியாபாரி. விளக்கத்தைப் பொதியாகக் கட்டி மணிக்கணக்கில் விற்பவர் அவர். வகுப்பறையில் கேள்வி இறந்தால்தான் அவர் கடையில் பதில் விலைபோகும். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கும் உரிமை கூலிவிவசாயி மகனுக்கும் கடற்றொழிலாளி மகளுக்கும் கிடைத்தது. அந்த உரிமையைச் சட்டத்தினால் எவரும் பறிக்கவில்லை. பின்வாசலால் விலைக்கு விற்கின்றனர். பாடசாலை இலவசம், ஆனால் விளக்கம் காசுக்கு என்றால் இலவசக் கல்வி என்பதில் எஞ்சுவது என்ன? தோழி ஒருத்தி வாடியடியில் காசு வாங்காமல் தரும் விளக்கம் இந்தச் சந்தைக்கு விடுக்கும் அறைகூவல். அதனால்தான் அது ஏளனம் செய்யப்படுகின்றது.

நான்காமவர் 'நடைமுறைவாதி'. "மீன்பிடிக்கிறவன் பிள்ளைக்கு வர்க்கமூலம் எதற்கு? தொழிலொன்றைப் பழக்கிவிடுங்கள்" என்று இரக்கத்தோடு சொல்வார். இரக்கத்தின் போர்வைக்குள் இருப்பது இளக்காரம். அவருக்கு அவருடைய 'நடைமுறை'யிலிருந்தே பதில் சொல்வோம். கடல் மட்டத்திலிருந்து கண் எத்தனை மீற்றர் உயரத்தில் இருக்கின்றதோ, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆற் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றது என்பது ஏறக்குறையக் கிடைக்கும். வள்ளத்தில் எழுந்து நிற்பவரின் கண் 2 மீற்றர் உயரத்தில் இருந்தால் அடிவானம் 5 கிலோமீற்றரில். 8 மீற்றர் உயரத்திலிருந்து பார்த்தால் 10 கிலோமீற்றர். 18 மீற்றரிலிருந்து 15. 50 மீற்றரிலிருந்து 25. ஏன்? √8 என்பது 2√2. √18 என்பது 3√2. √50 என்பது 5√2. பார்வை இருமடங்காக உயரம் நான்கு மடங்காக வேண்டும். கரைவிளக்கை ஏன் அத்தனை உயரத்தில் வைக்கின்றார்கள் என்பதன் கணக்கு இது. கடலை நம்பி வாழ்பவன் பிள்ளைக்கு இது வேண்டாம் என்றால் வேறு யாருக்கு வேண்டும்?

ஆயினும் பயனை மட்டும் காட்டி இந்தப் பிள்ளையின் உரிமைக்கு வாதாட நாம் ஒருப்படமாட்டோம். செல்வர் வீட்டுப் பிள்ளையிடம் "உனக்கு இது எதற்கு?" என்று எவரும் கேட்பதில்லை. மனித குலம் சேர்த்து வைத்த அறிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பங்குண்டு என்பதே போதிய காரணம். இந்த எண்ணிலிருந்து தப்பிக்கவும் வழியில்லை என்பதை வேண்டுமானால் நடைமுறைவாதிக்குச் சொல்லி வைப்போம். நாம் எழுதும் ஏ4 தாள் 297 மில்லிமீற்றர் நீளம், 210 மில்லிமீற்றர் அகலம். நீளத்தை அகலத்தால் வகுத்தால் வருவது √2இன் அண்ணளவு. பாதியாக மடித்தாலும் உருவம் மாறாதிருக்க வேறு விகிதம் உதவாது. √2 உனக்கு எதற்கு என்று அவர் எழுதி அனுப்பும் அறிக்கையின் நான்கு ஓரங்களிலும் √2தான் காவல் நிற்கின்றது.

*

இதுவரை சொன்னதைக் கேட்டு மகிழக்கூடிய ஐந்தாமவர் ஒருவர் இருக்கின்றார். அவர்மீதுதான் நமக்கு அதிக ஐயம். அவர் நிர்வாகி. "மிக நல்ல யோசனை! பிள்ளைகளே ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்ளட்டும். பின்தங்கிய ஊர்களுக்குக் கணித ஆசிரியர் எதற்கு?" என்பார். நம் வாதத்தை எடுத்து நம் முதுகிலேயே குத்தக்கூடியவர் இவர். இது கற்பனை அச்சமன்று. வரலாறு சான்று தருகின்றது.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவன் இளையவர்க்கு எழுத்தும் எண்சுவடியும் சொல்லிக் கொடுத்தான். 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதைப் புகலிடத்தின் பொறுப்பை ஏற்ற ஸ்கொத்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். அம்முறையைத் தம் புகலிடத்திற்குக் கொண்டுவந்து, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்தில் பரவிற்று. ஜோசப் லங்காஸ்டரும் அதனையொத்த முறையொன்றை வளர்த்தார். தமிழ்ப் பிள்ளைகளின் மணற்பலகை உலகம் சுற்றிய கதை இது. பெருமைப்படலாம்; ஆனால் பெருமையோடு நின்றுவிடலாகாது.

அங்கே அம்முறை எதற்குப் பயன்பட்டது? தொழிற்புரட்சிக் காலத்து இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் அடைத்து, ஒரே ஆசிரியரின் சம்பளத்தில் 'கல்வி' கொடுக்கப் பயன்பட்டது. மூத்த மாணவன் தோழனாக இல்லை. மேற்பார்வைக் கங்காணி ஆனான். ஆலையின் ஒழுங்கு பள்ளிக்குள் வந்தது. நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை மட்டும் என்ன? அவன் கையிலும் பிரம்பு இருந்தது. ஆகவே பிள்ளை பிள்ளைக்குக் கற்பித்தல் என்பது தன்னளவிலேயே முற்போக்கானதன்று. யாருக்காக, யாருடைய பொறுப்பில், எந்த உறவில் அது நிகழ்கின்றது என்பதே அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றது. அரசு தன் கடமையிலிருந்து தப்பிக்கும் பொருட்டு நிகழ்ந்தால் அது சுரண்டல். ஒருவர் மற்றவரைத் தூக்கிவிடும் பொருட்டு நிகழ்ந்தால் அது தோழமை.

தோழமையின் சான்றுக்கும் குறைவில்லை. இத்தாலியில் தொஸ்கானா மலைச்சிற்றூரான பார்பியானாவில் பாதிரியார் லொரென்சோ மிலானி நடத்திய பள்ளியில் மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அங்கு பயின்ற ஏழைப் பிள்ளைகள் எண்மர் கூடி எழுதி 1967இல் வெளியிட்ட நூல், தம்மைப் போன்றோரைத் தோல்வியுறச் செய்து வெளியே தள்ளும் பள்ளிமுறையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திற்று. ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொண்டவர்கள் அரசைக் கேள்வி கேட்கவும் கற்றுக்கொண்டார்கள். நிர்வாகி விரும்புவது முன்னதை மட்டும். நாம் கோருவது இரண்டையும்.

*

"மேதைகளுக்குத் துணை வேண்டியதில்லை, மற்றவர்களுக்குத் துணை இருந்தும் பயனில்லை" என்று இன்னும் முணுமுணுப்பவர் உண்டாயின், அவர்கள் இராமானுஜனின் வாழ்க்கையைப் படிக்கட்டும். தனித்து ஒளிர்ந்த விண்மீன் என்று மேடைதோறும் போற்றப்படும் அவருக்குக் கும்பகோணத்து வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களே முதற்றுணை. லோனியின் திரிகோணகணித நூல் அவர்கள் வழியாகவே அவர் கைக்கு வந்தது. கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பரீட்சைகள் அவரைத் தோல்வியுற்றவர் என்றே முத்திரையிட்டு அனுப்பின. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபின், மேலதிகாரியான நாராயண ஐயருடன் இரவுகளில் பலகையில் கணக்கிட்டார். இடைப்படிகளைத் தாண்டிச் செல்லும் அவரிடம், பிறர்க்கு விளங்கும்படி படிகளை எழுதுமாறு வற்புறுத்தியவர் நாராயண ஐயர். உலகம் இராமானுஜனைப் புரிந்துகொள்ள, முதலில் பக்கத்தில் இருந்த ஒருவர் "எனக்கு விளங்கவில்லை, மெதுவாகச் சொல்லும்" என்று கேட்க வேண்டியிருந்தது.

அவர் 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் சக வாசகர்க்கு விடுத்த வினாவொன்று நம் பாடத்தைச் சேர்ந்ததே. மூலக்குறிக்குள் மூலக்குறியாக முடிவின்றி நீளும் √(1 + 2√(1 + 3√(1 + 4√…))) என்னும் கோவையின் பெறுமானம் என்ன? மூன்று இதழ்கள் வந்தும் விடை அனுப்பியவர் எவருமில்லை. அவரே விடை தந்தார். விடை 3. அதற்கு வழிகாட்டும் படிகளைச் சாதாரண தர மாணவரும் எழுதிப் பார்க்கலாம். 3 என்பது √9. 9 என்பது 1 + 2 × 4. அந்த 4 என்பது √16. 16 என்பது 1 + 3 × 5. அந்த 5 என்பது √25. 25 என்பது 1 + 4 × 6. இப்படியே உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். அன்று எவரும் விடுவிக்காத வினாவின் திறவுகோல், ஓலைத்தொடுவாயில் இரு பிள்ளைகள் ஒரு மாலைப்பொழுதில் கையாளக்கூடியது. அவர்களுக்குக் குறைவது மூளையன்று. வினாவை அவர்கள் முன் கொண்டுவந்து வைப்பவர் எவரும் இல்லை என்பதே குறை.

மன்னார்த் தீவுக்கு இன்னொரு துயரமும் உண்டு. போர்க்காலத்தில் பக்கத்து வாங்கே பறிபோயிற்று. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி உட்பட இத்தீவின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அன்றுவரை உடன் படித்த தோழர்கள் புத்தளத்து அகதி முகாம்களில் போய் ஒடுங்கினர். இராணுவ நடவடிக்கைகளுக்கு அஞ்சிய தமிழ்க் குடும்பங்கள் படகேறி இராமேசுவரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும் போயின. தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 1990இல் துண்டிக்கப்பட்டது. 2015இலேதான் மீண்டும் புகையிரதம் ஓடிற்று. தண்டவாளத்தை மீளப் போடலாம். மூத்தவர் இளையவர்க்கும் இளையவர் அவர்தம் இளையவர்க்கும் சொல்லிக் கொடுத்து வரும் சங்கிலி அறுந்தால் அதனை எந்தத் திணைக்களமும் போட்டுத் தராது. அதனை நாமேதான், தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாங்கில் அமர்ந்து, மீண்டும் பின்ன வேண்டும்.

*

ஆசிரிய நண்பர்களே! உங்கள் பாடவேளையில் பத்து நிமிடத்தைப் பிள்ளைகளின் பேச்சுக்குக் கொடுங்கள். √68 என்று எழுதிய கொப்பியில் குறுக்குக் கோடு போடுமுன், ஏன் அப்படி எழுதினாய் என்று ஒருமுறை கேளுங்கள். நேற்று இடறி இன்று எழுந்தவரை அழைத்து, இன்று இடறியவர் பக்கத்தில் அமர்த்துங்கள். நீங்கள் விலகிவிடாதீர்கள். இருவரும் சேர்ந்து இடறும் இடம் ஒன்று வரும். அங்கே நீங்கள் வேண்டும்.

மாணவத் தோழர்களே! உங்களுக்குத் தெரிந்ததைக் கையால் மறைக்காதீர்கள், தெரியாததையும் மறைக்காதீர்கள். கோயில் முன்றிலோ பள்ளிவாசல் திண்ணையோ வாடியடியோ, நால்வர் கூடினால் அது படிப்பு வட்டம். இன்று விளங்கியவர் நாளை விளக்குபவர் என்பதே அவ்வட்டத்தின் ஒரே விதியாகட்டும்.

அதிகாரத்தில் இருப்போரே! பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கின்றார்கள் என்பதைக் காட்டி உங்கள் கடனைத் தள்ளுபடி செய்துகொள்ளாதீர்கள். கடலோரப் பாடசாலைகளில் ஒரு கணித ஆசிரியர் இடமும் வெற்றிடமாக இருக்கலாகாது. தோழியின் உதவி ஆசிரியரின் வேலைக்குத் துணையேயன்றி ஈடன்று. இதனை நாம் வேண்டுகோளாக வைக்கவில்லை. 1945இல் வென்றெடுத்த உரிமையின் பாக்கியாகக் கேட்கின்றோம்.

தொடுவாய் என்றால் கடல் நிலத்தைத் தொட்டு உட்புகும் வாய். அந்த வாய் மணலால் அடைபட்டால் உள்ளிருக்கும் நீர் கெட்டுப்போகும் என்பதைக் கரையோர மக்கள் அறிவர். அடைபட்ட வாயைத் திறக்க அவர்கள் மண்வெட்டியோடு கூட்டமாகத்தான் போவார்கள். வகுப்பறையின் வாயைத் திறப்பதும் தனியொருவர் செய்யும் வேலையன்று.